டிஃபரன்ஷியல் லாக்: தமிழில் எப்படி எழுதலாம்?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மலைப்பாதை ஜீப் ஓட்டுநர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வின்ச் (வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்), ஸ்நார்கெல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். சிக்கல், ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கில்தான். முதலில் 'வேறுபாட்டுப் பூட்டு' என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஓட்டுநர், "வண்டி திருடு போகாம இருக்கவா?" என்று கேட்டார். இப்போது 'அச்சுப் பூட்டு' என்று மாற்றியிருக்கிறேன். சரிதானா?

தஞ்சாவூரிலிருந்து:

தம்பி, அச்சை விட்டுவிடாதீர்கள். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும்) என்ற குறள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். கூரைமேல் கேரியர், அதன்மேல் டயர், தண்ணீர் கேன் என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்குச் சொன்னது போலவே இருக்கிறது. புறநானூறு 102இல் ஔவையார், உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிச் சென்ற 'சேம அச்சு' பற்றிப் பாடுகிறார். 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்ன நேருமோ என்று மாற்று அச்சோடு போயிருக்கிறார்கள். பள்ளத்தில் இறங்குவதும் மேட்டில் ஏறுவதும்தானே உங்கள் கையேடு முழுக்க! ஸ்டெப்னிக்குச் 'சேமச் சக்கரம்' என்றே வைக்கலாம்.

பூட்டுதான் இடிக்கிறது. வண்டி பூட்டுவது, ஏர் பூட்டுவது என்றால் மாட்டை நுகத்தில் சேர்ப்பது. அந்தப் பொருள் இங்கே அழகாகப் பொருந்தும், ஆனால் இன்று பூட்டு என்றால் எல்லோருக்கும் சாவிதான் நினைவுக்கு வரும். எனவே 'சக்கரப் பிணை' என்கிறேன். போரடிக்கும் களத்தில் பிணையல் கட்டிய மாடுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, பிணையலில் உள்மாடு குறுக அடி வைக்கும், வெளிமாடு எட்டிப் போடும். அப்படியென்றால் அது டிஃபரன்ஷியலுக்குத்தான் பொருந்துகிறது, லாக்குக்கு அல்ல. வளைவில் வெளிச்சக்கரம் கூடத் தூரம் ஓட இடம் கொடுப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதன் குறை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே கொடுப்பது. ஒரு சக்கரம் சேற்றில் பிடியில்லாமல் சுழன்றால், அதைச் சுழற்றப் போதுமான சொற்ப விசைதான் கல்மேல் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் போகும். வண்டி நகராது. லாக் போட்டதும் இரண்டு அரை அச்சும் ஒரே தண்டாகச் சேர்ந்து சுழலும்.

'அச்சுப் பூட்டு' என்றால், பழைய வண்டிகளில் முன்சக்கரக் குடத்தைக் கையால் திருகிப் போடும் ஹப் லாக்கோடு குழம்பும். அதைவிட ஆபத்து, பூட்டினால் சக்கரம் நின்றுவிடும் என்று எண்ணி இறக்கத்தில் பிரேக் போல யாராவது போடக்கூடும். சேர்ந்து சுழல்கிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'இணைசுழல் பூட்டு' என்பது என் முன்மொழிவு. 'வகையீடு' மட்டும் வேண்டாம், அது கணிதத்துக்கு உரியது.

போடியிலிருந்து:

பட்டறை வைத்திருக்கிறேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளும் வேலைக்கு வரும். பையன்கள் சொல்வது கிரவுன், ஸ்டார் பினியன், ஹவுசிங், அப்புறம் டிஃப் லாக். ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லாக் உண்டு. மஹிந்திராவின் தார் வண்டி சிலவற்றில் பின்பக்கம் தானாகவே விழும். காற்றழுத்தத்தால் லாக் போடும் ஏர் லாக்கர் வைத்தால் கம்ப்ரசர், காற்றுக் குழாய், சுவிட்ச் எல்லாம் சேரும். இதில் எதை எடுத்தாலும் பேர் 'லாக்'தான். பேரைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது: லாக்கோடு நல்ல ரோட்டில் வண்டியைத் திருப்பக் கூடாது. அப்படி ஓட்டிய வண்டியின் ஆக்சிலை உருவிப் பாருங்கள். முனையில் நேராக ஓட வேண்டிய பற்கள் ஒரு பக்கமாகத் திருகி நிற்கும். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

யாழ்ப்பாணத்து அம்மா பிணையல் உவமையில் சொன்ன குறையை ஏற்கிறேன். உவமை போகட்டும், சொல் நிற்கட்டும். பிணைத்தல் என்றால் பிரியாமல் கட்டுதல், நிறுத்துதல் அல்ல. நீங்கள் பயப்படும் ஆபத்து 'பூட்டு' என்று முடியும் எந்தச் சொல்லிலும் இருக்கிறது, உங்கள் சொல்லிலும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

உண்மைதான் ஐயா. ஆனால் பிணை என்றால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். எங்கள் செய்தித்தாள்களில் நாளும் வருகிற சொல்.

கோவையிலிருந்து:

நாளை அனுப்பியாக வேண்டும், அதனால் இப்படி வைத்துக்கொள்கிறேன். உடற்பகுதியில் 'டிஃப் லாக்', முதலில் வரும் இடத்தில் 'இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைப்பது' என்ற விளக்கம், கடைசிப் பக்கச் சொல்லடைவில் 'இணைசுழல் பூட்டு'. நால்வர் இதற்குச் சரி என்று தனி மடலில் எழுதியிருக்கிறார்கள். நல்ல ரோட்டில் லாக் கூடாது என்பது தடித்த எழுத்தில் கட்டம் கட்டி வருகிறது.

தஞ்சாவூரிலிருந்து:

எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்புக்குள் போடிப் பட்டறையில் 'பிணை போட்டு ஏத்து' என்று ஒரு மாதம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பையன்களுக்குப் பழகவில்லை என்றால் விட்டுவிடுகிறேன்.