பச்சையாகிப்போன நீச்சல் குளம்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நீச்சல் குளத்தோடு வாடகை வீடு எடுத்திருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கே அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை வெளுத்து வாங்கும். நாங்கள் சுபாங் ஜெயாவுக்கு வந்த முதல் ஆண்டு, மோட்டாரை நிறுத்திவிட்டுத் தீபாவளிக்கு மதுரை போனோம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது, தண்ணீர் பராமரிப்பில்லாத தெப்பக்குளம் போலப் பச்சையாகக் கிடந்தது. படியில் கால் வைத்தால் வழுக்கியது.

தண்ணீரை முழுவதும் இறைத்துவிடத்தான் முதலில் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறியிருக்கும். குளம் காலியானால் அது கீழிருந்து தள்ளித் தரையைப் பெயர்த்துவிடும். அப்படியே போட்டுவைக்கவும் கூடாது. ஏடிஸ் கொசு பெருகினால் டெங்கு வரும். கொசு ஒழிப்புக்கென்றே 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அபராதமும் உண்டு.

குளோரினை அள்ளிக் கொட்டுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். மழைநீர் கலக்கக் கலக்கக் காரத்தன்மை குறைந்துகொண்டே போகும். அது 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்) வரை இருந்தால்தான் பிஎச் நிலையாக நிற்கும். குறைந்திருந்தால் சமையல் சோடாவே போதும்: 10,000 லிட்டருக்கு 170 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். பிஎச் 7.2க்கும் 7.6க்கும் இடையில் இருக்கட்டும். 8ஐத் தாண்டினால் போட்ட குளோரினில் பெரும்பகுதி வேலை செய்யாது.

நான் காலையில் குளோரின் போட்டுவிட்டு, மாலையில் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. "வெயிலில் போட்டால் நிற்குமா தம்பி? பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னதுதான் சரி. 40,000 லிட்டர் குளத்துக்கு, 65 சதவீதக் குளோரின் தூள் 600 கிராம் ஏறக்குறைய 10 பிபிஎம் தரும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் தூள். குளோரின் மாத்திரை அளந்த கிண்ணத்தில் இந்தத் தூளை அளக்கவே அளக்காதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அமிலத்தையும் குளோரினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

தூள் போடுவதற்கு முன் சுவர், படி, மூலை எல்லாவற்றையும் பிரஷால் அழுத்தித் தேயுங்கள். தேய்க்காத பாசிக்குள் குளோரின் இறங்காது. மோட்டார் இரவும் பகலும் ஓடட்டும். பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவும்போது, அதன் கண்ணாடிக் குமிழைப் பாருங்கள். மருதாணி கரைத்த தண்ணீர் போல வந்தது, மெல்ல மெல்லத் தெளியும். தெளியும் வரை நிறுத்தாதீர்கள்.

மறுநாள் பச்சை போய்த் தண்ணீர் வெளிறிக் கலங்கியிருந்தால் பாசி செத்துவிட்டது என்று பொருள். ஆனாலும் இரவில் அளந்த குளோரின் விடியற்காலைக்குள் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால், உள்ளே இன்னும் பாசி மிச்சம் இருக்கிறது. அன்று மாலையும் போடுங்கள். எங்களுக்கு நான்காம் நாள் காலையில்தான் அடியில் இருக்கும் வடிகால் மூடியின் துளைகள் தெரிந்தன. குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கிய பிறகே பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவிட்டேன்.