யூனிவர்சல் கிரெடிட்டில் இருப்பவரிடம் வாடகை கூட்டலாமா? (ஈஸ்ட் ஹாம்)

வீட்டுக்காரன்_ஈஸ்ட்ஹாம்:
வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் மூன்று படுக்கையறை வீடொன்றை மாதம் 1,900 பவுணுக்கு விட்டிருக்கிறேன். இருப்பவர் ஒரு தாய், 13, 9 வயதில் இரண்டு பெண்பிள்ளைகள். வேலை நேரம் குறைந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கு (வருமானம் குறைந்தவருக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம்) போனதிலிருந்து 1,500தான் தருகிறார். ஐந்து மாதமாக இதே கதை. நல்ல மனுசி, வீட்டையும் துப்புரவாக வைத்திருக்கிறார். ஆனால் என் மோர்ட்கேஜும் ஏறிவிட்டது. வாடகையை 2,050 ஆக்கினால் பெனிஃபிட்டும் கூடுமா? காசை நேரே எனக்கு அனுப்பச் சொல்லலாமா?

ஹாரோ_அக்கா:
தம்பி, வாடகையைக் கூட்டினாலும் பெனிஃபிட் ஏறாது. வீட்டில் எத்தனை அறை என்பது அவர்களுக்குக் கணக்கில்லை, குடும்பத்துக்கு எத்தனை தேவை என்றுதான் பார்ப்பார்கள். 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு அறை. ஆக, இரண்டு அறைக்குரிய லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்தான் (வாடகைக்கென்று இடத்துக்கு இடம் அரசாங்கம் வைக்கும் உச்சவரம்பு) கிடைக்கும். 2024 ஏப்ரலில் கூட்டினார்கள், 2025இல் கூட்டவில்லை. அரசாங்கத் தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் கிழமைக் கணக்கில் காட்டும். அதை 4ஆல் பெருக்காதீர்கள், 52ஆல் பெருக்கி 12ஆல் வகுங்கள். பேச்சுக்கு 350 என்றால் மாதம் 1,516 வரும், 1,400 இல்லை. அவர் அந்தக் காசை அப்படியே உங்களிடம் தருகிறார் போலிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
நேரே வாங்குவது பற்றி: இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் நீங்களே ஆன்லைனில் கேட்கலாம். உங்களுக்கு அவ்வளவு இல்லை, 2,000தான். ஆனால் தொடர்ந்து குறைத்துக் கட்டி, பாக்கி ஒரு மாத வாடகையைத் தொட்டாலும் கேட்க வழியுண்டு. நீங்கள் அதற்குள் வருவீர்கள். எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று ஒரு கணக்கு எழுதி வையுங்கள். அனுமதி கிடைத்தாலும் மாதாந்த வாடகையில் துண்டு விழும் 400 அப்படியேதான் இருக்கும். அதற்கு கவுன்சிலில் தனி உதவி கேட்கச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவர் அவர்தான்.

வீட்டுக்காரன்_ஈஸ்ட்ஹாம்:
நன்றி. அப்போ இவரை எழுப்பிவிட்டு, பெனிஃபிட் இல்லாத ஆளாகப் பார்ப்பதா? மச்சான் அப்படித்தான் சொல்கிறான்.

ஹாரோ_அக்கா:
மச்சான் பழைய கதை சொல்கிறார். பெனிஃபிட்காரருக்கு வீடில்லை என்பது சட்டவிரோதம் என்று 2020இலேயே யோர்க் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் எழுப்பும் செக்ஷன் 21உம் இல்லை. பாக்கியைக் காட்டிக் கட்டாயம் எழுப்ப மூன்று மாத வாடகை நிலுவை வேண்டும். அதிலும் அவருக்கு இன்னும் வந்துசேராத யூனிவர்சல் கிரெடிட் வீட்டுக்காசைக் கழித்துவிடுவார்கள். வாடகை கூட்டுவதென்றால் செக்ஷன் 13 நோட்டீஸ் (அதற்கான சட்டபூர்வ அறிவித்தல்), இரண்டு மாத அவகாசம், வருடத்துக்கு ஒருமுறை. புது வாடகை அதிகம் என்று அவர் ட்ரைபியூனலுக்கும் (தீர்ப்பாயம்) போகலாம்.

என்னைக் கேட்டால் இந்த வருடம் 1,900இலேயே விடுங்கள். கட்டமுடியாத 150ஐ ஏற்றினால் பாக்கிதான் வளரும். முதலில் அவரோடு இருந்து கதையுங்கள், நேரே அனுப்பும் விண்ணப்பத்தை அவருக்குச் சொல்லிவிட்டே போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒன்று விட்டுப்போச்சு. ஈஸ்ட் ஹாமுக்குரிய நியூஹாம் கவுன்சிலின் வாடகை வீட்டு லைசென்ஸ் உங்களிடம் இருக்கிறதா? இல்லாவிட்டால், வாங்கிய வாடகையை அவரே திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். அதை இன்றைக்கே பாருங்கள்.