கோட் ரிவ்யூவில் கண்ணுக்குத் தப்பிய பிழைப் பாதை (ஏதாவது தோற்றால் கோட் ஓடும் வழி): உங்களுக்கு நடந்தது என்ன?

ஒரு கர்னல் டிரைவருக்கு வந்த பேட்ச், அதாவது கோட் மாற்றம். ஃபங்ஷன் நடுவில் புதிதாக ஒரு மெமரி ஒதுக்கீடு, கிடைக்காவிட்டால் கோட்டூ (goto, தாவும் கட்டளை) போட்டு கடைசி லேபிளுக்குப் போகிறது. நல் (NULL, வெற்றுப் பாயிண்டர்) சோதனை இருக்கிறது, விடுவிக்கும் வரிசையும் ஒதுக்கியதற்குத் தலைகீழாகச் சரியாக இருக்கிறது, சரி என்று ஒப்புதல் கொடுத்துவிட்டேன். லேபிளில் திருப்பி அனுப்புவது ரெட் (ret) மாறியை, 0 என்றால் வெற்றி. அதில் கிடந்ததோ மேலே வெற்றியாக முடிந்த வேறொரு அழைப்பு விட்டுப்போன 0. மெமரி கிடைக்கவில்லை, இருந்ததையெல்லாம் விடுவித்தாயிற்று, அழைத்த இடத்துக்கு மட்டும் எல்லாம் நலம் என்று செய்தி போகிறது. மாட்யூலைக் கழற்றும்போது ஒருவருக்கு கர்னல் விழுந்தது. டிஃப் காட்டுவது மாற்றத்துக்கு மேலும் கீழும் 3 வரி, அந்த 0 வந்த வரி அதற்கு வெகு மேலே. முழு ஃபங்ஷனை நான் திறந்தே பார்க்கவில்லை, இன்னும் உறுத்துகிறது.

---

எனக்கு எர்ர்நோ (errno), கடைசியாக வந்த பிழையின் எண் கிடக்கும் மாறி. பயனர் அனுப்பிய திரைப் படத்தில் "படிக்க முடியவில்லை: சக்சஸ்" என்று இருந்தது! ரீட் அழைப்பு கேட்டதைவிடக் குறைவான பைட்டுகளைத் தந்திருக்கிறது, கோப்பு பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அது பிழையே இல்லை, அதனால் எர்ர்நோவை யாரும் தொடவில்லை. பிழை என்று -1 வந்ததையும் குறைவாக வந்ததையும் ஒரே இஃப்-பில் சேர்த்த பேட்ச்சை நான்தான் பார்த்து அனுப்பினேன்.

---

முதலில் எழுதியவருக்கு: ரெட் மாறிக்குத் தொடக்கத்திலேயே 0 கொடுக்கிற பழக்கம்தான் காரணம். கொடுக்காமல் விட்டால் கம்பைலரே எச்சரிக்கக்கூடும். நான் மாட்டியது ரீஅலாக்கில் (ஒதுக்கிய மெமரியின் அளவை மாற்றும் அழைப்பு), பழைய பாயிண்டருக்கே விடையை எழுதியிருந்தார்கள், நல் வந்தால் பழைய நினைவகம் கைவிட்டுப் போச்சு, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், பிழைப் பாதையைப் படித்து மட்டும் ஒப்புதல் தராதீர்கள், ஓட்டிப் பாருங்கள். முதல் ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடியுங்கள், அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. லினக்ஸ் கர்னலில் இதற்கென்றே ஃபெயில்ஸ்லாப் இருக்கிறது. லேபிளிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள், ஒவ்வொரு கோட்டூவிலும் நின்று இந்த இடத்தில் ரெட் என்ன என்று கேளுங்கள்.

---

தொடக்கத்தில் 0 கொடுக்கவே இல்லை, மறுபடி படியுங்கள். மேலே வெற்றியடைந்த அழைப்புதான் 0 எழுதியது. மதிப்பு ஏற்கெனவே இருக்கும்போது கம்பைலர் எதை எச்சரிக்கும்? கோட்டூவுக்கு முந்தைய வரியில் ரெட்டுக்கு -ஈநோமெம் (மெமரி இல்லை என்ற பிழை எண்) கொடுக்கவில்லை, விட்டுப்போனது அந்த ஒரு வரி.