கிரேடர் பழகும் கதை: இரண்டு மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு

மறந்தவர்களுக்காக: ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்த நான் சாலை வேலையில் மோட்டார் கிரேடருக்கு (வயிற்றடியில் உள்ள நீளமான பிளேடால் மண்ணைச் சமன்செய்யும் வண்டி) மாறியதையும், ஜிஎஸ்பி (சாலைக்கு அடியில் போடும் ஜல்லிக் கலவை அடுக்கு) பரப்பு முழுக்க அலை அலையாக வந்ததையும், ரிவர்ஸ் எடுக்கும்போது ஹெல்பர் தம்பி மயிரிழையில் தப்பியதையும் முந்தைய பதிவில் சொல்லிப் புலம்பியிருந்தேன்.

அலைக்குக் காரணம், நீங்கள் பலர் சொன்ன மாதிரியே, வேகம்தான். வண்டி குதித்தால் பிளேடும் குதிக்கிறது, அந்த மேடுபள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்க அடுத்த நடை இன்னும் மோசமாகிறது. இப்போது ஃபினிஷிங்கில் இரண்டாம் கியரைத் தாண்டுவதில்லை.

முன்சக்கரம் சாய்வது எதற்கென்றே எனக்குத் தெரியாது (சிரிக்காதீர்கள்). பிளேடு மண்ணை வலப்பக்கம் தள்ளினால் வண்டியின் மூக்கு இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும், அப்போது சக்கரத்தின் மேல்பகுதியை வலப்பக்கம் சாய்த்தால் நேராகப் போகிறது. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய தோள்வலி பாதி குறைந்தது.

ரிவர்ஸ் விஷயத்தில் மூத்த ஆபரேட்டர் அண்ணன் ஒரே விதி போட்டார்: கண்ணாடியில் தம்பி தெரியவில்லையா, பிரேக். அவ்வளவுதான். வண்டி நடுவில் மடிகிற இடத்தில் இன்ஜின் ஓடும்போது யாரையும் நிற்க விடுவதில்லை, மடிந்தால் அங்கே ஆள் நசுங்கிவிடுவான். டீ குடிக்க இறங்கினாலும் பிளேடைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

2.5 சதவீத கேம்பர் (தண்ணீர் வடிய சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொடுக்கும் சரிவு) மட்டும் இன்னும் கண்ணளவில் வரவில்லை, நூல் கட்டித்தான் ஓட்டுகிறேன்.