மோட்டார் நிறுத்தினா சுவரே அதிருது, ராத்திரியில தனியா 'டொக்'னு சத்தம். சுவரை உடைச்சுத்தான் ஆகணுமா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில 2011ல கட்டின வீடு, கீழே ஒரு போர்ஷன், மேலே ஒண்ணு. சம்ப்ல இருந்து 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார், ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்புல மொட்டை மாடி டேங்குக்கு ஏத்துது. டேங்க்ல இருந்து கீழே வர்ற லைன் எல்லாம் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப். மேல் போர்ஷன்ல ஷவர் சரியா வரலன்னு போன வருஷம் டேங்க் பக்கத்துல ஒரு பிரஷர் பம்ப் வச்சோம்.

ரெண்டு வாரமா மோட்டாரை ஆஃப் பண்ணின உடனே 'டமார்'னு ஒரு அடி. பைப் ஏறுற சமையலறைச் சுவர்ல கைய வச்சா அதிர்றது தெரியுது, ஸ்டாண்டுல எவர்சில்வர் தட்டெல்லாம் குலுங்குது. இது போதாதுன்னு ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம், யாரும் தண்ணி திறக்காமலே 'டொக்'. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி 'டொக்'. மாமியார் வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. வந்து பார்த்த பிளம்பர், உள்ளே காத்து மாட்டிருக்கு, சுவரை உடைச்சு லைனையே மாத்தணும், 40,000 ஆகும்னு சொல்லிட்டுப் போயிட்டார். உடைச்சிடலாமா?

மொட்டைமாடி:
காத்துன்னா ஈஸி சிஸ்டர். லைன்ல ஒரு டி போட்டு, ஒரு அடி பைப்பை நேரா நிறுத்தி மேலே மூடி போட்டுடுங்க. உள்ளே இருக்கற காத்து அடியை வாங்கிக்கும். எங்க வீட்ல அப்படித்தான்.

பழைய ஃபிட்டர்:
தம்பி, அது ஆறு மாசம் வேலை செய்யும். அப்புறம் உள்ளே இருக்கற காத்து கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில கரைஞ்சு, அந்தப் பைப்பும் தண்ணியா நிறைஞ்சிடும். திரும்ப அதே அடிதான். உங்க வீட்லயும் ஒரு தடவை திறந்து பாருங்க.

ஏம்மா, சுவர்ல கை வைக்காதீங்க. நீங்க சொல்றது ஒரு சத்தம் இல்ல, ரெண்டு. ரெண்டுக்கும் காரணம் வேற. முதல்ல பெரிய சத்தம். மோட்டார் பக்கத்துல மேலே போற லைன்ல என்.ஆர்.வி. இருக்கும், அதாவது ஏறின தண்ணி திரும்பி வராம தடுக்குற வால்வு, அதுக்கு மேலே ஒரு கேட் வால்வு இருக்கும். நாளைக்கு டேங்க் நிறையுற நேரம் அந்தக் கேட் வால்வை மெதுவா முழுசா மூடுங்க, மூடின கையோட மோட்டாரை ஆஃப் பண்ணுங்க. மூடி வச்சுக்கிட்டு மோட்டாரை ஓட விட்டுடாதீங்க, சில செகண்டுதான். அடி வரலன்னா வந்து சொல்லுங்க.

காவிரிக்கரை:
அண்ணே, வீட்டுக்காரர் சுவிட்ச் பக்கம், நான் வால்வு பக்கம் நின்னு செஞ்சோம். சத்தமே இல்ல! அப்புறம் வால்வைத் திறந்து வச்சு வழக்கம்போல நிறுத்தினோம், 'டமார்'.

பழைய ஃபிட்டர்:
அப்போ என்.ஆர்.வி.தான். மோட்டார் நின்னதும் மேலே ஏறிக்கிட்டிருந்த தண்ணி ஒரு நொடி தயங்கிட்டுக் கீழே திரும்பும். திரும்புறதுக்கு முன்னாடியே வால்வுத் தகடு மூடிடணும். தேய்ஞ்ச தகடு லேட்டா மூடும், அதுக்குள்ள தண்ணி வேகம் எடுத்து வந்து தகட்டோட சேர்ந்து மோதும். நீங்க கேக்கறது அந்த மோதல். தகடு தொங்குற மாடலைக் கழட்டிட்டு, ஸ்பிரிங் வச்ச மாடல் போடுங்க. மேல இருக்கற அம்புக்குறி டேங்க் பக்கம் பார்க்கணும். மோட்டார் மெயினை ஆஃப் பண்ணிட்டு, கேட் வால்வை மூடிட்டு, பைப்பைச் சேர்க்குற யூனியன் நட்டைக் கழட்டுங்க. வால்வு சரியா மூடலன்னா மேலே ஏறுற பைப்புல நிக்கற தண்ணி மொத்தமும் தலையில கொட்டும், பக்கெட் ரெடியா இருக்கட்டும்.

சிவில் அக்கா:
ஃபிட்டர் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கின்னு ஒரு ரஷ்யர் 1898லயே இதுக்குக் கணக்கு போட்டு வச்சிருக்கார். இரும்புப் பைப்புல நொடிக்கு 1 மீட்டர் வேகத்துல போற தண்ணியைச் சடக்குன்னு நிறுத்தினா 12, 13 பார் (அழுத்தத்தை அளக்குற அலகு) அழுத்தம் ஏறும். உங்க ரெண்டு மாடி உயரத்துக்கு சாதாரணமா இருக்கறது 1 பாருக்கும் கீழதான், பார்த்துக்கோங்க. சி.பி.வி.சி. கொஞ்சம் நெகிழும், அதனால இரும்புல ஏறுற அழுத்தத்துல பாதிக்கும் கம்மியாத்தான் அதுல ஏறும். ஜி.ஐ. லைன் மட்டும் சுவரைக் குலுக்குறது அதனாலதான். வெளியே தெரியுற இடத்துல கிளாம்ப் லூசா இருந்தா ரப்பர் வச்சு இறுக்கிடுங்க.

காவிரிக்கரை:
மாத்தியாச்சு. பழைய வால்வைக் கையில வாங்கிப் பார்த்தேன். தகடு மாட்டியிருக்கற ஊசி தேய்ஞ்சு ஒரு பக்கம் சாய்ஞ்சு லொடலொடங்குது, ரப்பர் ஓரம் எலி கடிச்ச மாதிரி. வால்வு, கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். இப்போ நிறுத்தினா 'தப்'னு ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தாலதான் சரியாச்சுன்னு ஒருத்தங்க வீட்ல பெருமையா சொல்லிட்டிருக்காங்க. ஆனா ராத்திரி 'டொக்' அப்படியேதான் இருக்கு.

பழைய ஃபிட்டர்:
அது பிரஷர் பம்ப். லைன்ல அழுத்தம் குறைஞ்சா தானா ஓடி நிக்கும். படுக்கறதுக்கு முன்னாடி பம்புக்கு அடுத்து இருக்கற வால்வை மூடிப் பாருங்க. மூடியும் சத்தம் வந்தா கோளாறு பம்ப்லயே. வரலன்னா வீட்டுக்குள்ள எங்கேயோ தண்ணி கசியுது.

காவிரிக்கரை:
வரல. ஆனா எந்தக் குழாயும் சொட்டல அண்ணே, தரையும் காய்ஞ்சுதான் இருக்கு.

சிவில் அக்கா:
கசிவு கண்ணுக்குத் தெரியாத இடம் ஒண்ணு இருக்கு, ஃப்ளஷ் டேங்க். துணிக்குப் போடுற சொட்டு நீலத்தை டேங்க்குள்ள நாலு சொட்டு விட்டுட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாதீங்க. கோப்பையில நீலம் இறங்கினா அடி ரப்பர் போச்சு.

காவிரிக்கரை:
அக்கா!! மேல் போர்ஷன் பாத்ரூம்ல பீங்கான்ல மெல்லிசா ஒரு நீலக்கோடு, பின்பக்கத்துல இருந்து கீழ வரைக்கும். ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணி விடுற ஆங்கிள் காக்கை மூடிட்டுப் படுத்தோம், ரெண்டு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் விடியற வரை தூங்கினேன். ரப்பர் வாங்க வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கார்.

பழைய ஃபிட்டர்:
நல்லது. பம்ப் கூட ஒரு சின்ன உருண்டை டேங்க் இருந்தா அதையும் பாருங்க. கரண்டை நிறுத்தி, சைக்கிள் டியூப்ல இருக்கற மாதிரி அதுல இருக்கற காத்தடிக்கிற வால்வோட ஊசியை லேசா அமுக்குங்க. காத்துக்குப் பதிலா தண்ணி வந்தா உள்ளே இருக்கற பை கிழிஞ்சிருக்கு. அப்படின்னா ஒரு சொட்டுக் கசிவுக்கும் பம்ப் ஓடும்.

ஈரோட்டுக்காரன்:
இழையில குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்ல கீசர் போட்டாத்தான் சுவருக்குள்ள 'டிக் டிக்'னு வருது, ஆஃப் பண்ணினா பத்து நிமிஷத்துல நின்னுடுது. இதுவும் வால்வா அண்ணே?

பழைய ஃபிட்டர்:
இல்ல தம்பி, அது பைப் நீள்ற சத்தம். 3 மீட்டர் சி.பி.வி.சி.ல 40 டிகிரி சூடு ஏறினா சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். பூச்சுக்குள்ள இறுக்கமா மாட்டியிருந்தா உரசி உரசித்தான் நகரும். கீசர் சூட்டைக் கொஞ்சம் குறைச்சு வச்சுப் பாருங்க. பைப் வெளியே ஓடுற இடம் இருந்தா, எந்த கிளாம்ப் பிடிச்சு நெருக்குதுன்னு ஒரு போட்டோ போடுங்க.