பெண் பிள்ளைகளைச் சாரணியரில் சேர்க்கலாமா? எந்த வயதில் எது சரி?

தென்காசி மீனா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் ஒரே பள்ளி. ஜூன் மாதம் திறந்ததுமே ஒரு படிவம் வந்தது. பெரியவளுக்குச் சாரணியர் (கைட்ஸ்) அல்லது ஜே.ஆர்.சி (ஜூனியர் ரெட் கிராஸ்), இரண்டில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். சின்னவளுக்கு 'நீலப்பறவையர்' என்று போட்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் யாரும் இதிலெல்லாம் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் கேட்கிற ஒரே கேள்வி, "இதுல மார்க் வருமா?" மாமியாரோ முகாம் என்ற சொல்லைக் கேட்டதும், "பொம்பளப் புள்ள ராத்திரி கூடாரத்துல படுக்கணுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கே அந்த ராத்திரி விஷயம் கொஞ்சம் உதைக்கிறது, பொய் சொல்லவில்லை. நாத்தனார் மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளும் "எனக்கும் இந்த மாதிரி ஏதாவது உண்டா அத்தை?" என்கிறாள். இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

மீனா, நான் அரசு பள்ளி ஒன்றில் பல வருடம் கைடு கேப்டனாக இருந்தவள். சாரணியர் குழுவை நடத்துகிற ஆசிரியைக்கு அதுதான் பெயர்.

சின்னவளிடமிருந்து தொடங்குகிறேன், அது சுலபம். நீலப்பறவையர் என்பது பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளுக்கானது. புல்புல் என்பதுதான் இயக்கத்தில் வைத்த பெயர். ஆறு ஆறு பேராகப் பிரித்து, விளையாட்டு, பாட்டு, கதை என்று போகும். கோமல் பங்க், ரஜத் பங்க், ஸ்வர்ண் பங்க், ஹீரக் பங்க் என்று நான்கு படிகள், எல்லாமே சிறகின் பெயர்கள். தன் பையைத் தானே அடுக்குவது, முகவரி சொல்லத் தெரிவது, சட்டைப் பொத்தான் தைப்பது, இந்த அளவுதான். மூன்றாம் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

பெரியவள் விஷயத்தில்தான் கணக்குப் போட வேண்டும். பத்து வயதானதும் சாரணியர் ஆகலாம். நாங்கள் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலேயே பிடித்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. சேர்ந்தவுடன் மூன்று மாதம் பிரவேஷ், அதாவது நுழைவு நிலை. சோபான் என்றால் படி. அப்புறம் பிரதம (முதல்) சோபானுக்கு ஆறு மாதம், த்விதிய சோபானுக்கு ஒன்பது, த்ரிதிய சோபானுக்கு இன்னொரு ஒன்பது. கூட்டிப் பாருங்கள், 27 மாதம். எட்டாம் வகுப்பு ஜூனில் தொடங்குகிறவள் இதை முடிக்கும்போது பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு வந்து நிற்கும். அதற்கு மேல்தான் ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில விருது, அதற்கும் மேலே ராஷ்டிரபதி (குடியரசுத் தலைவர்) விருது. பத்தாம் வகுப்பு வந்ததும் பல பள்ளிகளில் சாரணியர் கூட்டமே நின்றுவிடும், சிறப்பு வகுப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை இழுத்துக்கொள்வார்கள். பதினொன்றாம் வகுப்பில் அவர்களே திரும்பி வருவதில்லை. என் அனுபவத்தில் நல்ல பிள்ளைகளை நாங்கள் இழந்தது இந்த இடத்தில்தான். வாய் திறக்காத பெண் இரண்டு வருடத்தில் அணித்தலைவியாகி, எட்டுப் பேரைச் சமாளிக்கக் கற்றிருப்பாள். சரியாக அப்போது "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார்கள். பையன்களை நிறுத்துவதைவிடச் சீக்கிரமாக நிறுத்துவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் உங்கள் பெரியவளை விருதுக்காகச் சேர்க்காதீர்கள். அணிக்காகச் சேருங்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி, வயதில் கலந்திருப்பார்கள். முகாமில் ஒரு காட்சி சொல்கிறேன். சாப்பாட்டுத் தட்டு வைக்க மூங்கில் கழிகளைக் கயிற்றால் கட்டி ஒரு தட்டுத் தாங்கி செய்வார்கள். கேட்ஜெட் என்போம். கழியில் கிளவ் ஹிட்ச் என்கிற முடிச்சைப் போட்டுத் தொடங்கி, இரண்டு கழியையும் இறுக்கிச் சுற்றி, மறுபடி கிளவ் ஹிட்ச்சில் முடிக்க வேண்டும். புதிதாக வந்த ஆறாம் வகுப்புக் குட்டி முதல் முடிச்சைத் தளர்வாகப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டே போவாள், மொத்தமும் கழியிலேயே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். ஒன்பதாம் வகுப்பு அணித்தலைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பிடுங்கித் தானே கட்டிவிட அவளுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் கட்ட மாட்டாள். "அவிழ்த்துட்டு முதல்லேர்ந்து போடு" என்று மட்டும் சொல்வாள். இரண்டாம் முறையும் வழுக்கினால் பெருவிரலை எங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டுவாள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு இந்தப் பொறுமையை வகுப்பறையில் எங்கே சொல்லித்தருவது?

ராத்திரி பயத்துக்கு வருகிறேன். உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். பள்ளியில் போய் நேராகக் கேளுங்கள். கூட வருகிற கைடு கேப்டன் பெண்தானா, பயிற்சி முடித்தவரா? ராத்திரி பிள்ளைகள் இருக்கிற பகுதியிலேயே அவர் தங்குவாரா? கழிப்பறை எங்கே, விளக்கு உண்டா? மாதவிலக்கு வந்தால் நாப்கினை எங்கே போடுவது? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற ஆசிரியை என்றால் தைரியமாக அனுப்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று மழுப்பினால் இந்த வருடம் பகல் நிகழ்ச்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மதுரை அப்பா:

டீச்சர் சொல்வது நன்றாக இருக்கிறது. என் மகள் படித்த பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். யாராவது பெரிய மனிதர் வந்தால் ஸ்கார்ஃப் கட்டி வாசலில் இரண்டு வரிசையாக நிற்க வைப்பார்கள். ஆண்டு விழாவில் தண்ணீர் பாட்டில் கொடுக்க வைப்பார்கள். முடிச்சும் கிடையாது, முகாமும் கிடையாது. சீருடைக்குக் காசு மட்டும் சரியாக வாங்கினார்கள். மீனா மேடம் யோசித்துச் செய்யவும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

அப்படிப்பட்ட பள்ளிகளும் உண்டு சார், மறுக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சாரணியராக இருக்கிற பெண்ணைப் பிடித்து, "உன் அணிக்கு என்ன பேர்? போன வாரம் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அணியின் பெயரைச் சட்டென்று சொன்னால் அங்கே ஏதோ நடக்கிறது. விழித்தால் நீங்கள் சொன்ன வாசல் வரிசைதான்.

சேலம் ரேஞ்சர்:

மீனா அக்கா, உங்கள் நாத்தனார் மகளுக்கு நான் பதில் சொல்கிறேன். கல்லூரி வயதுக்கு ரேஞ்சர் உண்டு, தமிழில் திரிசாரணியர். 25 வயது வரை இருக்கலாம். எங்கள் குறிக்கோள் வாசகமே 'சேவை'தான். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. என் கல்லூரியில் இருந்தது அதிர்ஷ்டம்.

இல்லையென்றால் என்.எஸ்.எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருக்கும். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, கூடவே ஏழு நாள் கிராம முகாம். அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல் பிடிக்கும் என்றால் என்.சி.சி (தேசிய மாணவர் படை). ராணுவம், போலீஸ் என்று யோசிக்கிற பெண்ணுக்கு அதன் 'சி' சான்றிதழ் உதவும். சாரணியர் பக்கம் வேலைக்கு உதவுவது என்றால் ரயில்வேயில் சாரண சாரணியர் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கு ராஷ்டிரபதி விருது அளவுக்குத் தகுதி கேட்பார்கள், இடங்களும் சொற்பம். அதை நம்பி யாரும் சேர வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் கேட்ட மார்க்குக்கு என் பதில்: பொதுத்தேர்வில் சொல்லும்படியாக இதற்கு மார்க் வராது.

லெஸ்டர் வாணி:

இங்கிலாந்தில் எப்படி என்று ஒரு ஒப்பீட்டுக்கு. இங்கே சாரணியர் அமைப்புக்குக் கேர்ள்கைடிங் என்று பெயர், பள்ளிக்கு வெளியே நடக்கிறது. 4 முதல் 7 வயது ரெயின்போஸ், 7 முதல் 10 பிரௌனீஸ், 10 முதல் 14 கைட்ஸ், 14 முதல் 18 ரேஞ்சர்ஸ். நடத்துகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், அதனால் ஆள் பற்றாக்குறை, குழந்தைகள் காத்திருப்புப் பட்டியலில் கிடப்பார்கள். என் மகளை ரெயின்போஸுக்குப் பதிந்தேன், இடம் வந்தபோது பிரௌனீஸ் வயதாகிவிட்டது! பள்ளியிலேயே கிடைப்பது எவ்வளவு வசதி என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. உறுதிமொழியில் இருந்த கடவுள் என்ற சொல்லையும் இங்கே 2013இல் எடுத்துவிட்டார்கள். என் அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்.

மீனா, உங்கள் பெரியவள் கைட்ஸில் தொடர்ந்தால் புனேயில் இருக்கிற 'சங்கம்' பற்றிச் சொல்லி வையுங்கள். உலகச் சாரணியர் மையங்களில் ஒன்று, 1966இல் திறந்தது. இங்கிருந்தெல்லாம் பெண்கள் அங்கே வந்து தங்கிப் போகிறார்கள்.

தென்காசி மீனா:

எல்லோருக்கும் நன்றி. சின்னவள் படிவத்தில் டிக் போட்டாயிற்று. பெரியவளுக்காக நேற்றுப் பள்ளிக்குப் போய் அந்த நாப்கின் கேள்வியையும் கேட்டேன். டீச்சர் சின்னப் பெண்தான், கொஞ்சமும் தயங்கவில்லை. முகாமுக்கு மூடியுள்ள வாளியும் பழைய செய்தித்தாளும் தனியாக எடுத்துப் போவதாகச் சொன்னார். மாமியாரும் கூட வந்திருந்தார், பதிலைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. சேர்க்கிறோம். முகாமை மட்டும் அரையாண்டு விடுமுறை நெருங்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவு. சீருடைத் துணி இப்போதே எடுத்துவிடலாமா டீச்சர்?

ஓய்வுபெற்ற டீச்சர்:

இப்போது வேண்டாம். பள்ளியில் மாதிரித் துணி காட்டுவார்கள், அதைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். நீலத்தில் பத்து விதம் வைத்துக்கொண்டு எல்லாமே கைடு நீலம்தான் என்பார் கடைக்காரர். தைக்கும்போது மடிப்பு அதிகம் விடச் சொல்லுங்கள், இந்த வயதில் மளமளவென்று வளர்வார்கள்.