செலினியத்தில் டபுள் கிளிக் வேலை செய்யவில்லை, அவசரம்

இளவேனில்: வணக்கம். செலினியம் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) ஸ்கிரிப்டால் ஒரு வலைப்பக்கத்தைச் சோதிக்கிறேன். அதில் உள்ள அட்டவணையில் ஒரு வரிசையை டபுள் கிளிக் செய்தால் திருத்தும் பெட்டி திறக்க வேண்டும். கையால் செய்தால் திறக்கிறது, ஸ்கிரிப்டில் திறக்கவில்லை. டபுள் கிளிக் வரியில் பிழைச்செய்தியே இல்லை. அடுத்த அடியில் பெட்டிக்காகக் காத்திருந்து தோற்றுவிடுகிறது. நாளை ரிலீஸ். யாராவது உதவுங்கள்.

தேனீ: எந்த மொழி, எந்த பிரவுசர்? செலினியம் 3ஆ, 4ஆ? டபுள் கிளிக் செய்யும் நிரல் வரிகளையும் இங்கே ஒட்டினால் நன்றாக இருக்கும்.

மூத்த_நிரலர்: பெர்ஃபார்ம் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆக்‌ஷன்ஸில் (சுட்டி, விசைச் செயல்களை வரிசைப்படுத்தும் செலினியம் பகுதி) டபுள் கிளிக் என்று எழுதினால் அது பட்டியலில் சேருமே தவிர நடக்காது. கடைசியில் பெர்ஃபார்மை அழைத்தால்தான் பிரவுசருக்குப் போகும். பிழைச்செய்தி வராததற்கும் அதுவே காரணம். கேட்பதற்கு முன் ஆவணத்தை ஒருமுறை படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இளவேனில்: ஜாவா, செலினியம் 4, குரோம். பெர்ஃபார்ம் இருக்கிறது ஐயா.

கரிசல்: அட்டவணை ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) இருக்கிறதா? எனக்கு எப்போதும் அதுதான் வினையாக வரும்.

தேனீ: அப்படியென்றால் வரிசையே அகப்படாமல் அங்கேயே பிழை வந்திருக்கும், கரிசல்.

பொன்னி: ஜாவாஸ்கிரிப்ட் வழியாக டபுள் கிளிக் நிகழ்வை நேரே அந்த வரிசைக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே வரி, எனக்கு எப்போதும் ஓடுகிறது.

கடற்காகம்: தயவுசெய்து வேண்டாம். உண்மையில் மவுஸ்டவுன் (அழுத்துதல்), மவுஸ்அப் (விடுதல்), கிளிக் என்ற மூன்றும் இரண்டு சுற்று வந்த பிறகே டபுள் கிளிக் நிகழ்வு எழும். நீங்கள் அனுப்புவது கடைசி ஒன்றை மட்டும். வரிசையை வேறொரு பெட்டி மூடிக்கொண்டிருந்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். பயனரால் தொடவே முடியாத இடத்துக்குச் சோதனை பச்சை காட்டுவதில் என்ன பயன்?

பொன்னி: நாளை ரிலீஸ் என்கிறார். இன்றிரவு அவருக்கு வேண்டியது வழி, கொள்கை அல்ல.

மூத்த_நிரலர்: வலைப்பக்கத்தில் டபுள் கிளிக் வைப்பதே தவறு. கைப்பேசியில் என்ன செய்வார்கள்? விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவர் எப்படித் திறப்பார்? வடிவமைத்தவரைக் கேளுங்கள்.

கரிசல்: எங்கள் கணக்குப் பிரிவில் எல்லோரும் எக்செல்லில் பழகியவர்கள். டபுள் கிளிக்கை எடுத்தால் மறுநாளே புகார் வரும். என்டர் விசையையும் சேர்த்து வைத்தால் போதாதா?

மூத்த_நிரலர்: பழக்கம் என்பதற்காகத் தவறு சரியாகிவிடாது.

தேனீ: இளவேனில், ஒன்று சொல்லுங்கள். ஒரே ஒரு கிளிக் செய்தால் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது?

இளவேனில்: வரிசை நீலமாகும். அட்டவணைக்கு மேலே நீக்கு, நகலெடு பொத்தான்கள் உள்ள பட்டை ஒன்று வரும்.

தேனீ: அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். வெப்டிரைவர் (செலினியம் பிரவுசருடன் பேசும் நெறிமுறை) வரையறையில் டபுள் கிளிக் என்று தனிச் செயல் கிடையாது. சுட்டியை வரிசையின் நடுவுக்கு நகர்த்தி, அதே புள்ளியில் அழுத்து, விடு, அழுத்து, விடு என்றுதான் கட்டளை போகிறது. முதல் கிளிக்கில் பட்டை வந்து அட்டவணையைக் கீழே தள்ளினால், இரண்டாவது கிளிக் மேல் வரிசையிலோ தலைப்பிலோ விழும். கையால் பார்த்தபோது வரிசை ஏற்கெனவே நீலமாக இருந்திருக்கும், அதனால் எதுவும் நகரவில்லை.

முதலில் ஒரு கிளிக் செய்து, பட்டை தெரியும்வரை காத்திருங்கள். அதன்பின் ஒரு வினாடி விட்டு டபுள் கிளிக் செய்யுங்கள். அந்த இடைவெளி நல்லது. விண்டோஸில் இயல்பான டபுள் கிளிக் நேரம் 500 மில்லிவினாடி. அதற்குள் செய்தால் முந்தைய கிளிக்கும் கணக்கில் சேர்ந்து எண்ணிக்கை தடுமாறலாம்.

கடற்காகம்: தேனீ சொல்வது சரியென்றால் இது ஸ்கிரிப்டின் குறை மட்டும் அல்ல. புதிய வரிசையை நேராக டபுள் கிளிக் செய்யும் பயனருக்கும் பெட்டி திறக்காது. பட்டைக்கு முன்பே இடம் ஒதுக்கச் சொல்லிப் பிழையாகப் பதிவு செய்யுங்கள். பொன்னி சொன்ன வழியில் போயிருந்தால் இது வெளியே தெரிந்தே இருக்காது.

பொன்னி: இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ரிலீசுக்கு முந்தைய இரவில் என் ஆலோசனை அதுவேதான்.

இளவேனில்: பட்டைதான் காரணம். காத்திருப்பு சேர்த்ததும் ஓடிவிட்டது. மிக்க நன்றி தேனீ.

கடற்காகம்: மகிழ்ச்சி. பிழையைப் பதிந்தீர்களா?

கரிசல்: பயர்பாக்ஸிலும் ஓட்டிப் பார்த்தீர்களா? எனக்கும் இதே போன்ற பட்டை ஒன்று இருக்கிறது.